டாக்ரோவும் படர்தாமரை மாத்திரையும்

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் உறுப்புகளை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் பறக்கிற காட்சியை எல்லோரும் டி.வி.யில் பார்த்திருப்போம். போலீஸ்காரர்கள் சிக்னலை நிறுத்தி வழி விடுகிறார்கள், ஜனங்கள் ஒதுங்கி நிற்கிறார்கள், மறுநாள் பேப்பரில் படம் வருகிறது. 2008-இல் ஹிதேந்திரன் என்ற பையனின் பெற்றோர், டாக்டர்களான அவர்கள், மகனின் உறுப்புகளைக் கொடுக்க முன்வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் இந்த விஷயம் வீடுவீடாகப் பேசப்படுகிறது. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு கொடுத்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதையும் உண்டு. எனக்கு இதெல்லாம் உண்மையிலேயே பெருமையான விஷயங்கள். ஆனால் அந்த உறுப்பை உள்ளே வைத்துத் தைத்து, நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அது அந்த உடம்பில் தங்க வேண்டும் என்பதற்காக வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரைகளைப் பற்றி யாரும் பேசக் காணோம். அந்த மாத்திரைகளை வாங்குவது, நேரத்துக்குப் போடுவது, வேறு எந்த மருந்து அதோடு சண்டை போடும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது, இதெல்லாம் யார் வேலை? எங்கள் வீட்டில் அது என் வேலையாகிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

என் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்தது எங்கள் அம்மா. ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம், ஆபரேஷன் நடந்தது மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில். டயாலிசிஸில் கழிந்த காலம், ரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபொய்ட்டின் ஊசி மருந்தை ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தது, அனுமதிக்காகக் காகிதங்களோடு அலைந்தது, இதையெல்லாம் இன்னொரு சமயம் சொல்கிறேன். இன்றைக்கு மாத்திரை மட்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் கொடுத்த சீட்டு இப்படி இருந்தது: டாக்ரோலிமஸ் காலையும் இரவும். மைக்கோபீனோலேட் காலையும் இரவும். பிரெட்னிசோலோன் காலையில். இந்த மூன்றும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்க. நிமோனியா கிருமி வராமலிருக்க செப்ட்ரான், சி.எம்.வி. என்ற வைரஸ் தலைதூக்காமல் இருக்க வால்கான்சிக்ளோவிர். பிரஷருக்கு இரண்டு வகை, அதில் ஒன்று டில்டியாசெம், அதைப் பற்றி அப்புறம் வருகிறேன். வயிற்றுக்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று. இதற்கு நடுவில் பிரெட்னிசோலோனும் டாக்ரோவும் சேர்ந்து சர்க்கரையை ஏற்றிவிட, இன்சுலின் வேறு வந்து சேர்ந்தது. முப்பது வயது ஆளுக்கு இவ்வளவு மாத்திரையா என்று பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

இதில் எல்லாவற்றுக்கும் தலை டாக்ரோலிமஸ்தான். வார்டில் எல்லோரும் டாக்ரோ என்றுதான் சொல்வார்கள். ஜப்பானில் சுகுபா என்ற ஊர்ப் பக்கம் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரில் 1984-இல் கண்டுபிடித்த மருந்து. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்து, வந்திருப்பது அந்நியச் சிறுநீரகம் என்று அது பாயாமல் பார்த்துக்கொள்கிறது. சிக்கல் என்னவென்றால் இந்த மருந்து வேலை செய்கிற அளவுக்கும் கெடுதல் செய்கிற அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. ரத்தத்தில் அதன் அளவை ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று பார்க்கிறார்கள். முதல் மாதங்களில் பத்தை ஒட்டியும், பிறகு 5-க்கும் 8-க்கும் நடுவிலும் இருக்கும்படி பொதுவாக வைக்கிறார்கள், ஆளுக்கு ஆள் இது மாறும். கூடிப்போனால் கை நடுங்கும், தலை வலிக்கும், சர்க்கரை ஏறும், பொட்டாசியம் ஏறும், எந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்காகச் சாப்பிடுகிறோமோ அந்தச் சிறுநீரகத்தையே அது கெடுக்கும். குறைந்துபோனால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தாக்கி ஒதுக்கும், அதுதான் ரிஜெக்‌ஷன். அந்த ரிஜெக்‌ஷனும் பல சமயம் வலி, காய்ச்சல் என்று எதுவும் காட்டாமல், ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறியிருப்பதில்தான் முதலில் தெரியும். 0.5 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்று கூட, ஒன்று குறைய என்பது இங்கே பெரிய விஷயம்.

அந்த மருத்துவமனையின் மாற்று அறுவைப் பிரிவில் ஒரு கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட், அதாவது நோயாளியின் மருந்துகளைக் கவனித்து ஆலோசனை சொல்கிற மருந்தாளுநர், இருந்தார். ஃபார்ம்.டி. படித்த இளம்பெண், என்னைவிடச் சின்னவர், என்னை அக்கா என்றும் தம்பியை அண்ணா என்றும் கூப்பிடுவார், நாங்கள் அவரை மேடம் என்போம். பில் போடுகிற கவுண்டரில் அவரைப் பார்க்க முடியாது. டாக்டரின் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டிருந்தார்கள், டாக்டர் பார்த்து முடித்த ஒவ்வொரு நோயாளியும் அங்கே போய் உட்கார வேண்டும். டாக்டரிடம் கிடைப்பது ஐந்து நிமிடம், அது அவர் குற்றமில்லை, வெளியே அவ்வளவு கூட்டம். இவரிடம் கேட்கலாம், திரும்பவும் கேட்கலாம், அதே கேள்வியை மூன்றாவது தடவையும் கேட்கலாம்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் அவர் எங்களை உட்கார வைத்துச் சொன்ன விஷயங்கள் பல எந்தச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை. டாக்ரோ இரண்டு வேளைக்கும் நடுவில் பன்னிரண்டு மணி நேரம் இருக்க வேண்டும், அதனால் வீட்டில் எல்லோரும் எழுந்திருக்கிற நேரமாகப் பார்த்து காலை எட்டு, இரவு எட்டு என்று வையுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் என்றால் தினமும் அப்படியே, இன்றைக்கு வெறும் வயிற்றில், நாளைக்கு இட்லிக்கு அப்புறம் என்று மாற்றக் கூடாது. லெவல் பார்க்கிற அன்றைக்குக் காலை மாத்திரையைப் போடாமல் வந்து, ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும், ஏனென்றால் அடுத்த வேளைக்குச் சற்று முன்னால் ரத்தத்தில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு. இதைத் தெரியாமல் மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து, லெவல் ரொம்பக் கூடுதலாகக் காட்டி, அதைப் பார்த்து மருந்தைக் குறைத்து, அப்புறம் சிக்கலானவர்கள் உண்டு என்றார். பேதி வந்தால் ஒரு நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், போன் பண்ணுங்கள், பேதியில் மருந்து வெளியே போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், டாக்ரோவில் பெரும்பாலும் தலைகீழ், ரத்தத்தில் அளவு ஏறும் என்றார். இதை அவர் சொல்லியிருக்காவிட்டால் எங்களுக்கு எந்த ஜென்மத்திலும் தோன்றியிருக்காது.

பம்பளிமாஸ் சாப்பிடக் கூடாது, இளநீர் கேட்டுத்தான் குடிக்க வேண்டும், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கிற எந்தப் பொடியும் கஷாயமும் கூடவே கூடாது. நாம் காசு கொடுத்து அடக்குகிற சக்தியை இன்னொரு பக்கம் காசு கொடுத்துத் தூண்டிவிடவா என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மாவுக்கு அது அப்படியே பதிந்துவிட்டது, டெங்கு சமயத்தில் தெருவில் எல்லோரும் நிலவேம்புக் கஷாயம் குடித்தபோதும் தம்பிக்குக் கொடுக்க விடவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். மாற்று அறுவை செய்துகொண்ட இளம்பெண்கள் வந்தால் கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவர்களிடம் தனியாகப் பேசுவார். மைக்கோபீனோலேட் சாப்பிடும்போது கர்ப்பமானால் கரு கலையலாம், குழந்தை குறையோடு பிறக்கலாம், அதனால் குழந்தை வேண்டும் என்று நினைத்தால் முன்கூட்டியே சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும், குறைந்தது ஆறு வாரம் முன்னால் அதை நிறுத்தியிருக்க வேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்க, கூட்டம் வெளியே காத்திருக்க, ஒரு ஆண் டாக்டரிடம் எந்தப் பெண் இதைக் கேட்பாள்? அந்த இரண்டாவது நாற்காலி அங்கே இருந்ததால்தான் இந்தப் பேச்சு நடந்தது.

சரி, படர்தாமரைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வெயிலுக்கும் வியர்வைக்கும் படர்தாமரை வராத வீடு கிடையாது, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிற ஆளுக்கு அது இன்னும் சுலபமாக வரும். தம்பிக்கு இடுப்பைச் சுற்றி வந்தது. பக்கத்து ஊரில் ஒரு தோல் டாக்டரிடம் போனான், சிறுநீரகம் மாற்றியிருக்கிறது என்றும் சொன்னான், அவரும் பார்த்துவிட்டு ஒரு களிம்பும் இட்ராகொனசோல் மாத்திரையும் எழுதினார். படர்தாமரைக்கு இப்போது எல்லா இடத்திலும் எழுதுகிற மாத்திரைதான் அது, மற்றவர்களுக்கு எழுதுவதைப் போல இவனுக்கும் எழுதிவிட்டார். மேடம் போட்டு வைத்திருந்த விதி ஒன்று இருந்தது: வெளியே எந்த டாக்டர் எது எழுதினாலும், பல் டாக்டராக இருந்தாலும் சரி, முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன்னால் சீட்டைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தம்பி அனுப்பினான். உடனே போன் வந்தது. "அண்ணா, மாத்திரை போட்டுட்டீங்களா? போடாதீங்க. களிம்பு மட்டும் பூசுங்க. நான் டாக்டர்கிட்ட பேசிட்டு மறுபடி கூப்பிடறேன்."

டாக்ரோவை உடம்பு உடைத்து வெளியேற்றுவது கல்லீரலிலும் குடல் சுவரிலும் இருக்கிற ஒரு நொதியால். இட்ராகொனசோல் அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். உடைக்க ஆள் இல்லாததால் டாக்ரோ ரத்தத்தில் தங்கித் தங்கி ஏறும், அளவு பல மடங்கு போகக்கூட வாய்ப்பு உண்டு. தேவைப்பட்டால் டாக்ரோவை முன்கூட்டியே குறைத்து, அடிக்கடி லெவல் பார்த்துக்கொண்டு இட்ராகொனசோலைக் கொடுக்கவும் முடியும், அதை நிறுத்துகிற அன்றைக்கு டாக்ரோவைத் திரும்ப ஏற்றவும் மறக்கக் கூடாது, ஆனால் இடுப்பில் இருக்கிற படர்தாமரைக்கு இவ்வளவு எதற்கு, களிம்பை ஒழுங்காகப் பூசினால் போகும் என்று முடிவாயிற்று. போய்விட்டது. அந்தத் தோல் டாக்டர் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் கோபம் மட்டும் போதாது. அவர் எழுதிய சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்த மெடிக்கல் ஷாப்பில் இந்த ஆள் டாக்ரோ சாப்பிடுகிறவன் என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது, ஏனென்றால் டாக்ரோவை வாங்குவது மதுரையில், இதை வாங்குவது உள்ளூரில், சர்க்கரை மருந்து இன்னொரு இடத்தில். இந்த மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்த ஒரே ஆள் மேடம்தான்.

நொதி என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகு நான் இதைப் பற்றி நிறையப் படித்தேன், படிக்கப் படிக்கப் பயம்தான் கூடியது. இருமலுக்குச் சாதாரணமாக எழுதுகிற கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் இரண்டும் டாக்ரோவை ஏற்றும். வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிட்டாயின் இறக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்குவது கொஞ்சநஞ்சம் இல்லை, அந்த நொதியை அது தூண்டிவிட்டு டாக்ரோவை அவ்வளவு வேகமாக உடைக்க வைக்கும், டாக்ரோவைப் பல மடங்கு கூட்டினாலும் லெவல் நிற்காமல் தவிப்பார்கள், அதனால் ரிஃபாம்பிசின் இல்லாத வழியையோ அதே இனத்தில் நொதியைக் குறைவாகத் தூண்டுகிற ரிஃபாபுடினையோ யோசிக்கிறார்கள். நம் நாட்டில் மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்குக் காசநோய் வருவது அபூர்வம் கிடையாது. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற, லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றுகிற அதே காசநோய் மாத்திரை, யாரும் சொல்லாமல் இவர்கள் கையில் வந்தால் சிறுநீரகத்தையே பறித்துவிடும். டாக்ரோவுக்கு வெளியிலும் இப்படி உண்டு: அதே போல எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற அசதியோப்ரின் சாப்பிடுகிறவருக்கு யூரிக் ஆசிட் வலி என்று யாராவது அலோபுரினாலோ ஃபெபுக்சோஸ்டாட்டோ எழுதிவிட்டால், எலும்பு மஜ்ஜை அடிபட்டு ரத்த அணுக்கள் அபாயமான அளவுக்கு விழுந்துவிடும். இரண்டுமே தினமும் ஆயிரம் பேருக்கு எழுதப்படுகிற மாத்திரைகள். மூட்டு வலிக்கு நாமே கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது நேராகச் சிறுநீரகத்தின் மேலேயே கை வைக்கும்.

டில்டியாசெம் விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆச்சரியம். அது பிரஷர் மாத்திரை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம், பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், டில்டியாசெமும் அந்த நொதியை ஓரளவு கட்டிப்போடும், அதனால் குறைந்த டாக்ரோவிலேயே வேண்டிய லெவல் வந்துவிடும். டாக்ரோ விலை கூடுதலான மருந்து, டில்டியாசெம் மலிவு. ஆக, ஏழைபாழைகளுக்குச் செலவைக் குறைப்பதற்காக நம் டாக்டர்கள் வேண்டுமென்றே சேர்த்துக் கொடுக்கிற ஏற்பாடு இது, பல வருடங்களாக நடப்பது. நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் நோயாளிக்கு இது தெரிய வேண்டும் அல்லவா? நாளைக்கே தம்பிக்கு நாடித்துடிப்பு குறைவாக இருக்கிறது, பிரஷரும் குறைவாக இருக்கிறது என்று வேறொரு டாக்டர் நியாயமாகவே டில்டியாசெமை நிறுத்தச் சொன்னால், சொன்ன அவருக்கும் தெரியாது, கேட்ட இவனுக்கும் தெரியாது, அடுத்த சில நாளில் டாக்ரோ இறங்கத் தொடங்கியிருக்கும். மேடம் அந்த மாத்திரை அட்டை மேலேயே பேனாவால் எழுதிக் கொடுத்தார்: கிட்னி டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

அப்புறம் கம்பெனி மாறுகிற பிரச்சினை. மதுரைக்குப் போக முடியாத மாதங்களில் ஊர் மெடிக்கல் ஷாப் அண்ணாச்சியிடம் சொல்லி வரவழைப்போம். நல்ல மனுஷர், எங்களுக்காகவே ஆர்டர் போடுவார். ஆனால் மொத்த வியாபாரியிடம் அந்தக் கம்பெனி இல்லையென்றால், "இது வேற கம்பெனிம்மா, உள்ள மருந்து ஒண்ணுதான், தரட்டுமா?" என்பார். பாராசிட்டமாலுக்கு அது சரி. டாக்ரோவில் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது தவறே இல்லை, போனால் லெவல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவுதான் நடப்பதில்லை, ஏனென்றால் மாறியதே டாக்டருக்குத் தெரியாது. இதைவிட ஆபத்து, ஒரே பெயரில் தினம் இருவேளை போடுகிற சாதாரண டாக்ரோவும், ஒரே வேளை போடுகிற மெதுவாகக் கரைகிற டாக்ரோவும் இருக்கிறது, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்துவிட்டால் லெவல் தாறுமாறாகும். பிரிட்டனில் இப்படி மாறிப்போய்ச் சிலருக்கு ரிஜெக்‌ஷன் வரைக்கும் போனதால்தான், அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் டாக்ரோலிமஸை இனி பிராண்ட் பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும், பிராண்ட் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. கம்பெனிப் பெயர் இல்லாமல் வேதிப் பெயரில், அதாவது ஜெனரிக் மருந்து எழுதுங்கள் என்று எப்போதும் சொல்கிற நாடு அது. நானும் ஜெனரிக்குக்கு ஆதரவுதான், எங்கள் வீட்டு வருமானத்துக்கு வேறு வழியும் கிடையாது, ஒரே கம்பெனியில் நிலையாக இருப்பதுதான் எனக்கு வேண்டும். மைக்கோபீனோலேட்டிலும் இந்தக் குழப்பம் உண்டு. அதில் இரண்டு வகை, மோஃபெட்டில் என்ற வகையின் 500 மில்லிகிராமுக்கு ஈடு சோடியம் வகையில் 360. எண்ணைப் பார்த்துக் குறைச்சல் என்று நினைத்து ஒன்றரை மாத்திரை போட்ட ஒருவரை கிளினிக்கில் சந்தித்தேன், அவருக்கு யாருமே எடுத்துச் சொல்லியிருக்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையைத் தமிழ்நாடே பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை, தாமிரபரணி கரையை மீறி வந்தது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்று நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடு இல்லை. எங்கள் வீட்டில் தம்பியின் மாத்திரை இருந்தது, அதுவும் தேவைக்கு மேல். காரணம் மேடம் போட்ட இன்னொரு விதி: மாதக் கடைசியில் வாங்காதீர்கள், எப்போதும் கையில் இரண்டு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாதத்தை வாங்கிவிடுங்கள், அந்த மிச்சத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி உயரமான இடத்தில் வையுங்கள். மாதம் பிறந்தால் அவரே ஒரு செய்தி அனுப்புவார், கையில் எத்தனை இருக்கிறது அண்ணா, எண்ணிச் சொல்லுங்கள் என்று. அந்த எண்ணிக்கையிலிருந்தே தம்பி வேளை தவறுகிறானா என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும் என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

இப்படிச் செய்வதையே ஒரு தொழிலாக அமெரிக்காவில் வைத்திருக்கிறார்கள், ஸ்பெஷாலிட்டி ஃபார்மசி என்று. ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு ரத்தம் உறைய வைக்கும் மருந்தைக் குளிர் கெடாமல் வீட்டுக்கே அனுப்புவதில் 1970-களில் தொடங்கியது, பிறகு மாற்று அறுவை, புற்றுநோய், மூட்டுவாத ஊசிகள் என்று விரிந்தது. மாதாமாதம் மருந்து அனுப்புவதற்கு முன்னால் ஒரு மருந்தாளுநர் போன் செய்து, புதிதாக வேறு மருந்து ஏதாவது சேர்ந்ததா, வேளை தவறியதா, உடம்பில் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார். கேட்கும்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே இதை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சி.வி.எஸ்., சிக்னா, யுனைடெட்ஹெல்த் என்ற மூன்று பெரிய குழுமங்கள் காப்பீட்டின் மருந்துப் பிரிவையும் வைத்துக்கொண்டு, ஸ்பெஷாலிட்டி மருந்தகங்களையும் வைத்திருக்கின்றன. 2017-லிருந்து 2022-க்குள், இந்தச் சிறப்பு வகை ஜெனரிக் மருந்துகளில் மட்டும் இவர்களின் மருந்தகங்கள் மதிப்பிட்ட கொள்முதல் விலைக்கு மேல் 730 கோடி டாலருக்கும் அதிகமாக வசூலித்திருக்கின்றன என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. அந்த போன் அழைப்பு நமக்கு வேண்டும், அந்த வியாபாரம் வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

இப்போது மேடம் அங்கே இல்லை. பெங்களூரில் மருந்துகளின் பக்கவிளைவு அறிக்கைகளைப் பதிவு செய்கிற ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவரைத் தப்பு சொல்ல எனக்கு மனசே வராது. பிளஸ் டூ முடித்து ஆறு வருடம் படிக்கிற படிப்பு ஃபார்ம்.டி., 2008-இல்தான் இந்தியாவில் வந்தது, கடைசி வருடம் முழுக்க மருத்துவமனையில் பயிற்சி. நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பதற்கென்றே உண்டாக்கிய படிப்பு. படித்து வந்தால் மருத்துவமனைகளில் அதற்கான இடம் இல்லை, இருந்தால் சம்பளம் இல்லை, அரசாங்கத்தில் மருந்தாளுநர் வேலைக்கு டிப்ளமோவை அடிப்படையாக வைத்து ஆள் எடுக்கிறார்கள், அந்த வேலையும் ஸ்டோரில் சரக்கைப் பார்ப்பதும் கவுண்டரில் கொடுப்பதுமாகவே முடிந்துவிடுகிறது. 2015-இல் வந்த மருந்தக நடைமுறை விதிகளில் நோயாளிக்கு ஆலோசனை சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவே. அவர் போன பிறகு அந்த மேஜையை எடுத்துவிட்டார்கள். வேறு ஆள் போடுவீர்களா என்று கேட்டதற்கு, கவுண்டரில் கேளுங்கள் சொல்வார்கள் என்றார்கள். கவுண்டரில் இருக்கிற பையனுக்குப் பில் போடவே நேரமில்லை.

அதனால் இப்போது வீட்டில் நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மருந்துக்கும் வேதிப் பெயர், கம்பெனி, எத்தனை மில்லிகிராம், எதற்காக, யார் எழுதியது, எப்போது மாறியது, பக்கத்தில் அந்தந்தத் தேதியின் டாக்ரோ லெவல், கிரியேட்டினின். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை மேஜையில் வைக்கிறேன், சிலர் சந்தோஷப்படுகிறார்கள், சிலருக்குப் பிடிப்பதில்லை, பரவாயில்லை. தம்பியின் பர்ஸில் ஒரு சின்ன அட்டை, சிறுநீரகம் மாற்றப்பட்டவர், டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறார், வேறு மருந்து கொடுக்கும் முன் கேளுங்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். நான் ஓரளவு படித்தவள், நேரம் எடுத்து இதைச் செய்ய முடிகிறது. டயாலிசிஸ் வார்டில் எங்களோடு உட்கார்ந்திருந்த உப்பளத் தொழிலாளி ஒருவர், மாத்திரைகளை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். கம்பெனி மாறினால் நிறமும் மாறும். அவருக்கு நோட்டு எழுத யார் இருக்கிறார்கள்?

நம் மாநிலத்தால் முடியாத காரியமா இது? 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, அரசு மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிற விதத்தைப் பார்த்து மற்ற மாநிலங்கள் படித்துவிட்டுப் போயிருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு இந்த விலை கூடிய மாத்திரைகள் இலவசம், இது சாதாரண விஷயம் இல்லை. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் மாற்று அறுவையும் உண்டு. மருந்து வாங்கத் தெரிகிறது, கொண்டுசேர்க்கத் தெரிகிறது, ஆபரேஷனுக்குப் பணம் கட்டத் தெரிகிறது. இந்த வரிசையில் இல்லாதது ஒரு ஆள். மாற்று அறுவை நடக்கிற ஒவ்வொரு மருத்துவமனையிலும், அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், ஃபார்ம்.டி. படித்த ஒருவர் சம்பளப் பதவியில் இருக்க வேண்டும், அந்தப் பதவி இல்லாத இடத்துக்கு மாற்று அறுவை உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது. ஆபரேஷனுக்குக் காப்பீட்டில் கொடுக்கிற தொகையில் முதல் இரண்டு வருட மருந்தாளுநர் கண்காணிப்புக்கு ஒரு பங்கை ஒதுக்கலாம். அந்தச் செலவு எவ்வளவு என்று எனக்குப் பெரிய கணக்கெல்லாம் போடத் தேவையில்லை, ஒரு சிறுநீரகம் கெட்டுப்போய் ஒரு ஆள் திரும்பவும் வாரம் மூன்று தடவை டயாலிசிஸுக்கு வந்து படுத்தால் அரசாங்கம் எவ்வளவு செலவழிக்கும் என்பது அவர்களுக்கே தெரியும்.

அதுவரைக்கும், உங்கள் வீட்டில் யாருக்காவது மாற்று அறுவை நடக்கப் போகிறது என்றால், அல்லது புற்றுநோய்க்கு வீட்டிலேயே சாப்பிடுகிற மாத்திரை, மூட்டுவாத ஊசி என்று இந்த மாதிரி சிக்கலான மருந்து எதையாவது ஆரம்பிக்கிறார்கள் என்றால், பில்லைக் கட்டி முடிக்கும் முன்னால் ஒரு கேள்வியைக் கேளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு வெளி டாக்டர் எழுதிய ஒரு மாத்திரையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் நாங்கள் யாரைக் கூப்பிட வேண்டும்? ரிசப்ஷன் நம்பரைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். மருந்து தெரிந்த ஒருவரின் பெயரையும் நம்பரையும் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதித் தரும் வரைக்கும் அங்கேயே உட்காருங்கள்.